முப்பத்தெட்டுப் புகார்கள்

செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு லிஃப்ட் மெக்கானிக் எட்டு மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில், மோட்டார் இருக்கும் சின்ன அறையில் உட்கார்ந்திருந்தார். பிரேக்கைக் கழற்றிச் சரிசெய்ய வேண்டும்; அது சூடு ஆறும்வரை காத்திருக்க வேண்டும். சும்மா இருக்கும் கை ஃபோனைத்தான் தேடும். எடுத்து, 'கைவேலை மன்றம்' பக்கத்தைத் திறந்தார். அன்றுதான் சேர்ந்திருந்த ஒருவர் ஒரு பழைய பதிலுக்குக் கீழே எழுதியிருந்தது முதலில் வந்து நின்றது.

"இந்தப் பதிலைப் பார்த்துத்தான் எங்கள் பாத்ரூம் வென்டிலேட்டரை அடைத்தேன். பன்னிரண்டு நாட்களுக்கு முன்னால் என் மனைவியும் ஆறு வயது மகளும் உள்ளே இறந்துவிட்டார்கள். மகளைக் குளிப்பாட்டப் போனாள். கீசரிலிருந்து வந்த விஷக்காற்று என்கிறார்கள். இதை எழுதியது யார்? எழுதியவர் போகட்டும். இதை இங்கே இருக்கவிட்டது யார்?"

மெக்கானிக் இரண்டு முறை படித்தார். பிறகு மேலே தள்ளி அந்தப் பதிலைப் பார்த்தார். கேஸ் கீசர் எரியும்போது வென்டிலேட்டர் வழியாகக் காற்றடித்துத் தீ அணைந்துவிடுகிறது, என்ன செய்யலாம் என்று யாரோ கேட்டிருந்தார். "தெர்மாகோல் வெட்டி வென்டிலேட்டரை அடைச்சு, சுத்தி டேப் ஒட்டிடுங்க. நான் ரெண்டு வருஷமா அப்படித்தான் வச்சிருக்கேன்" என்று வேறு யாரோ பதில் சொல்லியிருந்தார். அறுபத்தொரு பேர் அதற்குக் கட்டைவிரல் தூக்கியிருந்தார்கள்.

மெக்கானிக் அந்தப் பதிலை மறுபடி படித்தார். மூடிய அறையில் எரியும் எதுவும் என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியாதா? லிஃப்ட் வேலைக்கு வருவதற்கு முன்னால் ஆறு வருஷம் கீசரும் அடுப்பும் ரிப்பேர் பார்த்தவர். இதை ஒரு தரம் கண்ணால் பார்த்திருந்தால்கூட விட்டிருக்க மாட்டார். பார்க்கவேயில்லை என்றுதான் தன்னிடமே சொல்லிக்கொண்டார்.

மன்றம் என்பது வீட்டில் குழாய் ஒழுகினால், கதவு இடித்தால், ஆளைக் கூப்பிடாமல் தாங்களே பார்த்துக்கொள்ள நினைப்பவர்கள் கேள்வி கேட்கும் இணையதளம். இருபத்தாறாயிரம் உறுப்பினர்கள். அதைக் கட்டி மேய்த்தது மாடரேட்டர்கள் நாலே பேர். தளத்தைத் தொடங்கி, பதினோரு வருஷமாகத் தன் கைக்காசைப் போட்டு நடத்தும் ஓய்வுபெற்ற இன்ஜினியரை எல்லோரும் 'தலைவர்' என்றார்கள். சட்ட அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாக இருக்கும் பெண்மணி 'வக்கீலம்மா'. ஏசி ரிப்பேர் செய்பவர் 'ஏசி'. நாலாவது ஆள் நம் மெக்கானிக். மன்றத்தில் அவர் வைத்துக்கொண்ட பெயர் 'திருகாணி'.

மூன்று வருஷத்துக்கு முன் தலைவர் கூப்பிட்டு இந்தப் பொறுப்பைக் கொடுத்தபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை. அவர் வேலை அப்படி. லிஃப்ட் ஓடும்வரை அப்படி ஒரு ஆள் இருப்பதே யாருக்கும் தெரியாது. நின்றுவிட்டால் மட்டும் எட்டு மாடியும் சேர்ந்து திட்டும். மன்றத்திலோ, "திருகாணி ஐயா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று முகம் தெரியாதவர்கள் எழுதினார்கள். அந்த 'ஐயா'வுக்காகவே தினமும் இரண்டு மணி நேரத்தை அங்கே கொட்டினார்.

எந்த உறுப்பினரும் ஒரு பதிவைப் பற்றிப் புகார் செய்யலாம். புகாரெல்லாம் ஒரு பட்டியலில் சேரும். நாலு பேரில் யாராவது அதைப் படித்து, பதிவை நீக்க வேண்டும், அல்லது 'குறையில்லை' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். இவ்வளவுதான் வேலை. பட்டியல் காலியாக இருந்தால் தலைவருக்குச் சந்தோஷம். காலி செய்தவரை மற்றவர்கள் முன்னால் பாராட்டி, கைதட்டும் படமெல்லாம் போடுவார்.

மெக்கானிக் மோட்டார் அறையில் உட்கார்ந்தபடியே பதிவேட்டைத் திறந்தார். யார், எப்போது, என்ன செய்தார்கள் என்பதெல்லாம் தானாகவே பதிவாகும் இடம் அது. நாலு பேர் கண்ணுக்கு மட்டும் தெரியும். போன மாதம் பதினாலாம் தேதி. பகல் 1.42லிருந்து 1.46 வரை. புகார்கள் முப்பத்தெட்டு. முடிவு, குறையில்லை. பார்த்தவர், திருகாணி.

முப்பத்தெட்டில் முப்பத்தைந்து ஒரே ஆளுடையவை. அந்த ஆளுக்கு மன்றத்தில் வேறு பெயர். நாலு பேரும் தங்களுக்குள் வைத்த பெயர் 'புகார்ப் பெட்டி'. எழுத்துப்பிழைக்குப் புகார், ஆணியின் அளவை மில்லிமீட்டரில் சொல்லவில்லை என்று புகார், ஒரே கேள்வியை இரண்டு பேர் கேட்டால் புகார். "இவர் வீட்டுல கண்ணாடி பார்த்தாலும் புகார் குடுப்பார் போல" என்று ஏசி ஒரு தரம் எழுத, நாலு பேரும் ஒரு நாள் முழுக்கச் சிரித்தார்கள். தலைவரோடு ஒரு முறை வாக்குவாதம் முற்றியதில் அவர் எதுவும் எழுத முடியாதபடி சில வாரம் நிறுத்தி வைத்திருந்தார்கள். புகார்ப் பொத்தான் மட்டும்தான் அவருக்கு மிச்சம்.

அன்றைக்கு மெக்கானிக் சாப்பாட்டுக் கடையில் பார்சலுக்காக நின்றுகொண்டிருந்தார். பட்டியலில் முப்பத்தெட்டு. பார்த்தால் அநேகமாக எல்லாம் புகார்ப் பெட்டியின் பெயர். "ஆரம்பிச்சுட்டாரா" என்று அலுத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு மொத்தத்தையும் தள்ளினார். பார்சல் வரும்போது பட்டியல் காலி. தலைவர் கைதட்டும் படம் போட்டிருந்தார்.

இப்போது அந்த முப்பத்தெட்டையும் ஒவ்வொன்றாகத் திறந்தார். இருபத்தொன்பதாவது இது.

"கீசர் எரியும் அறையில் காற்று வழியை அடைத்தால் ஆள் சாகும். இந்தப் பதிலை உடனே எடுங்கள். நானே அங்கே எழுதி எச்சரித்திருப்பேன், என்னை நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்."

பிரேக் ஆறிப்போய் வெகுநேரமாகியும் அவர் எழுந்திருக்கவில்லை. கீழேயிருந்து வாட்ச்மேன் இரண்டு தடவை கூப்பிட்டார். ஒருவழியாக வேலையை முடித்து, சுவரில் தொங்கும் அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டார். லிஃப்டில் ஏதாவது ஆனால் கடைசியாகத் தொட்டது யார் என்று அந்த அட்டை சொல்லும். இருபது வருஷத்தில் பார்க்காமல் ஒரு கையெழுத்துப் போட்டதில்லை அவர்.

இரண்டு மணிக்கு நாலு பேரும் ஃபோனில் ஒன்றாகப் பேசினார்கள். தலைவர்தான் கூப்பிட்டார்.

"எல்லாரும் பார்த்தீங்கல்ல? முதல்ல அந்தப் பக்கத்தை மொத்தமா தூக்கணும்."

"தூக்கினா இன்னும் தப்பா தெரியாதா சார்?" என்றார் ஏசி.

"வெச்சிருந்தா அதைவிடத் தப்பா தெரியும்" என்றார் வக்கீலம்மா. "யாரும் அந்த ஆளுக்குப் பதில் எழுதாதீங்க. ஆறுதல்கூடச் சொல்லாதீங்க. ஒரு வார்த்தை எழுதினாலும் நாம ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

மெக்கானிக் தொண்டையைச் செருமினார். "சார், அதுக்கு ஒரு புகார் வந்திருக்கு. நான்தான் அன்னைக்கு..."

"பார்த்துட்டேன்" என்று தலைவர் குறுக்கிட்டார். "நீங்க ஒண்ணும் பேசாதீங்க. உங்களுக்காகவும் சேர்த்துத்தான் சொல்றேன். நாம என்ன சம்பளமா வாங்கறோம்? அவங்கவங்க வேலைக்குப் போயிட்டு, குடும்பத்தைக் கவனிச்சுட்டு, மிச்ச நேரத்துல ஊருக்கு உழைக்கிறோம். இதுக்கு ஜெயிலுக்கு வேற போகணுமா?"

மெக்கானிக் தான் சொல்ல வந்ததை அதோடு விட்டுவிட்டார். 'உங்களுக்காகவும் சேர்த்து' என்ற அந்தச் சொல் அப்போது அவருக்கு இதமாகத்தான் இருந்தது. பின்னால் அதை நினைத்துப் பல நாள் கூசிப்போனார். ஐந்து நிமிஷத்தில் கேள்வி, பதில், கட்டைவிரல்கள், பெண்டாட்டி பிள்ளையைப் பறிகொடுத்தவர் எழுதியது எல்லாம் மன்றத்திலிருந்து மறைந்தன.

மறுநாள் தலைவர் ஒரு அறிவிப்புப் போட்டார். நடந்தது வருத்தத்துக்குரியது, அந்தப் பதிலைப் பற்றி எந்தப் புகாரும் வரவில்லை, வந்திருந்தால் அந்த நிமிஷமே நீக்கியிருப்போம் என்று. அரை மணி நேரத்தில் அதற்குக் கீழே புகார்ப் பெட்டி எழுதினார். அவரை நிறுத்தி வைத்திருந்த காலம் முடிந்திருந்தது.

"பொய். பதினாலாம் தேதி நான் புகார் செய்தேன். பதிவேட்டைக் காட்டுங்கள்."

தலைவர் மெக்கானிக்கைத் தனியாகக் கூப்பிட்டார். "அந்த ஆள் கணக்கை மூடிடுங்க. நான் மூடினா பழைய சண்டைக்குப் பழிவாங்கறேன்னு பேசுவாங்க."

"சார், அவர் சொல்றது உண்மைதானே."

"உண்மைதான். யாரோட பேர் வெளியே வரும்னு யோசிச்சீங்களா?"

மெக்கானிக் கணக்கை மூடினார். மூடுவதற்குக் காரணம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லித் திரை கேட்டது. ஆறு காரணங்கள் வரிசையாக இருந்தன. 'வதந்தி பரப்புதல்' என்பதைத் தொட்டார்.

நாலு நாள் கழித்து, நாலு மாடரேட்டர்களுக்கும் பொதுவான அஞ்சல் பெட்டிக்கு ஒரு கடிதம் வந்தது. அந்தக் கணவர் எழுதியிருந்தார். ஒரு பைண்டிங் கடையில் வேலை செய்கிறாராம். மனைவியின் அண்ணன் போலீசில் புகார் கொடுத்திருக்கிறார்; வேண்டுமென்றேதான் வென்டிலேட்டரை அடைத்தான், என் தங்கையை ஒழித்துக்கட்டினான் என்று. இணையத்தில் பார்த்துச் செய்தேன் என்று இவர் சொன்னால், எங்கே காட்டு என்கிறார்கள். காட்டப் போனால் பக்கம் இல்லை. "நான் யார் மேலும் கேஸ் போடமாட்டேன். அந்தப் பக்கத்தை மட்டும் திருப்பிக் கொடுங்கள்" என்று முடித்து, ஃபோன் நம்பர் கொடுத்திருந்தார்.

வக்கீலம்மா ஒரே வரி போட்டார். "பதில் வேண்டாம்."

அன்று சாயங்காலம் மெக்கானிக் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவர் மனைவி மழலையர் பள்ளி ஆசிரியை. பிள்ளைகளுக்காகக் காகிதப் பூ வெட்டிக்கொண்டிருந்தவள் கத்திரியைக் கீழே வைத்தாள். அவர் முடித்ததும் எழுந்து பாத்ரூமுக்குப் போனாள். விளக்கைப் போட்டு வென்டிலேட்டரை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தாள். பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் உள்ளறையில் சத்தம் போட்டுப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க வேணும்னு செய்யல" என்றாள் கடைசியில்.

"இல்ல."

"ஆனா புகார் கொடுத்தவர் கணக்கை மூடினது வேணும்னுதானே செஞ்சீங்க?"

அவர் தரையில் சிதறிக் கிடந்த காகிதத் துண்டுகளைப் பொறுக்கினார்.

"போலீஸ், கோர்ட்டுன்னா எனக்கும் பயமாத்தாங்க இருக்கு. உங்க கம்பெனிக்குத் தெரிஞ்சா என்ன ஆகுமோ. ஆனா அந்த ஆளு பெண்டாட்டியையும் பிள்ளையையும் கொடுத்துட்டு, கொன்னவன்னு பேரும் வாங்கிட்டு நிக்கிறாரு. அந்தப் பேரை எடுக்க உங்க ஒருத்தராலதான் முடியும்." கத்திரியை எடுத்தாள், எதையும் வெட்டாமல் கையிலேயே வைத்திருந்தாள். "போய்ட்டு வாங்க. போய்ட்டு வந்து என்கிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம்."

நீக்கிய பக்கங்கள் முப்பது நாள் ஒரு மூலையில் கிடக்கும். மாடரேட்டர்கள் மட்டும் பார்க்கலாம். மறுநாள் காலையில் மெக்கானிக் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போய் எல்லாவற்றையும் அச்செடுத்தார். கேள்வி, பதில், புகார், அவர் பெயரோடு பதிவேட்டின் அந்தப் பக்கம். கடைசித் தாளில் 'திருகாணி என்பது நான்' என்று எழுதி, சொந்தப் பெயரும் விலாசமும் போட்டுக் கையெழுத்திட்டார். பிறகு தலைவருக்கு ஃபோன் செய்தார். சொல்லாமல் கொடுப்பது திருட்டுத்தனம் என்று அவருக்குப் பட்டது.

"உங்க மனசாட்சிக்காக எங்க மூணு பேரையும் இழுத்து விடுறீங்க" என்றார் தலைவர். "பதினோரு வருஷம். எத்தனை பேர் வீட்டுக்கு நல்லது செஞ்சிருக்கோம். அதையும் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க."

"நினைக்கிறேன் சார்."

பத்து நிமிஷத்தில் 'திருகாணி' என்ற கணக்கு மன்றத்தில் இல்லை.

பைண்டிங் கடை பஸ்ஸில் இரண்டு மணி நேரத் தூரம். பசை வாடை அடிக்கும் நீளமான கூடம். ஒரு பக்கம் காகிதம் வெட்டும் இயந்திரம், மறுபக்கம் அட்டை போடாத நோட்டுப் புத்தகங்கள் இடுப்பளவு அடுக்கியிருந்தன. மூலையில் சுருட்டிவைத்த படுக்கை. வீட்டுப் பாத்ரூமுக்குப் போலீஸ் பூட்டுப் போட்டிருப்பதால் கடிதம் எழுதியவர் கடையிலேயே தங்குகிறாராம். முப்பத்தைந்து வயது இருக்கும். பசை காய்ந்து உரிந்த விரல்கள்.

"ஃபோன் பண்ணினது நீங்கதானா?"

"ஆமாங்க."

"உக்காருங்க."

மெக்கானிக் உட்காரவில்லை. காகிதங்களை நீட்டினார். பைண்டிங்காரர் வாங்கி, பழக்கத்தில் ஓரங்களைத் தட்டிச் சமமாக்கி, மேஜைமேல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். புகாருக்கு வந்ததும் வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார்.

"கெஞ்சிக் கேட்கிறேன்னு எழுதியிருக்காரே."

"ஆமாங்க."

"அப்பவும் நீங்க எடுக்கலையா?"

"படிக்கலைங்க. எல்லாத்தையும் மொத்தமா தள்ளிவிட்டுட்டேன்."

"படிக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

பைண்டிங்காரர் அந்தக் காகிதத்தை எடுத்து, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை அவசரப்படாமல் வாய்விட்டுப் படித்தார். படித்து முடித்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"கால் நிமிஷம்கூட ஆகல" என்றார்.

வெட்டும் இயந்திரத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர் அதை நிறுத்திவிட்டு வெளியே போனார். பைண்டிங்காரர் காகிதத்தைக் கீழே வைத்தார்.

"உங்களைச் சொல்றேன், நான் மட்டும் என்ன. டேப்பை எடுத்து ஒட்டினது இந்தக் கை. அவ கேட்டா, இது சரியாங்கன்னு. அறுபது பேர் சரின்னு போட்டிருக்காங்க, விவரம் தெரிஞ்சவங்க பார்த்துப் பார்த்து விடுற இடம் அதுன்னு சொன்னேன். பாப்பா ஸ்டூல் எடுத்துட்டு வந்து கொடுத்துச்சு, ஏறி ஒட்டுறதுக்கு."

"என்னை மன்னி..."

"வேணாம்." கையைத் தூக்கி நிறுத்தினார். "அதைக் கேக்கத்தான் வந்தீங்கன்னா கிளம்பிடுங்க. ஸ்டேஷனுக்கு வர்றதுன்னா இருங்க, சட்டையை மாத்திட்டு வந்துடறேன்."

ஸ்டேஷனில் மனைவியின் அண்ணனையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவர் பெஞ்சின் ஒரு கோடியில், பைண்டிங்காரர் மறு கோடியில். இன்ஸ்பெக்டர் காகிதங்களைப் புரட்டிவிட்டு மெக்கானிக்கை ஏற இறங்கப் பார்த்தார்.

"இந்த வேலைக்கு உங்களுக்குச் சம்பளம் உண்டா?"

"இல்லைங்க."

"யாராவது உங்களை நியமிச்சு ஆர்டர் கொடுத்தாங்களா?"

"இல்லைங்க."

"அப்புறம் எப்படி உங்க பொறுப்புன்னு எழுதிக் கொடுக்கிறீங்க?"

"புகார் வந்தா நான் படிக்கிறேன்னு ஒத்துக்கிட்டுத்தாங்க அங்க இருந்தேன். பேரும் வாங்கிக்கிட்டேன். படிக்கல."

இன்ஸ்பெக்டர் அதை அப்படியே எழுதச் சொன்னார். "புகார் கொடுத்தவரு எங்க? அவரையும் விசாரிக்கணுமே."

"தெரியலைங்க. அவர் கணக்கை மூடிட்டேன். இப்ப அவரைப் பிடிக்க எனக்கு வழியில்ல."

"அவர் கணக்கை எதுக்கு மூடினீங்க?"

சொன்னார். காரணமாக எதைத் தேர்ந்தெடுத்தார் என்பதையும் சொன்னார். எழுதிக்கொண்டிருந்த கான்ஸ்டபிள் பேனாவை நிறுத்தி அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி எழுதினார்.

மனைவியின் அண்ணன் எழுந்து வந்து மேஜைமேலிருந்த பதிலைப் படித்தார். படித்துவிட்டு, "இதை நம்பி அடைச்சியே, உன் புத்தி எங்கடா போச்சு?" என்று தங்கை கணவரைப் பார்த்துக் கத்தினார். அண்ணன் முகத்தைப் பொத்திக்கொண்டு வெளியே போய், வாசல்படியில் உட்கார்ந்து சத்தமாக அழுதார்.

ஒன்றரை மாதத்தில் விபத்து என்று எழுதிக் கேஸை முடித்தார்கள். கொலைப் புகாரை அண்ணன் திரும்பப் பெற்றுக்கொண்டார்; ஆனால் அந்த வீட்டுப் பக்கம் பிறகு வரவில்லை. மெக்கானிக்கை நாலு தடவை கூப்பிட்டு விசாரித்தார்கள். கம்பெனியில் மேலாளர் அழைத்து, வெளி விவகாரம் வேலையில் கலக்கக் கூடாது என்று எச்சரித்து அனுப்பினார். மன்றம் இரண்டு வாரம் மூடிக் கிடந்து மறுபடி திறந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'ஆலோசனைகளைப் பின்பற்றுவது அவரவர் பொறுப்பு' என்று ஒரு வரி புதிதாக ஏறியிருந்தது.

புகார்ப் பெட்டியின் விலாசம் கேட்டு மெக்கானிக் தலைவருக்கு மூன்று கடிதம் எழுதினார். அவரிடம் ஒரு தரம் நேரில் சொல்லிவிட வேண்டும் என்று அடித்துக்கொண்டது. பதில் வரவில்லை. அந்த மனிதர் ஆணா பெண்ணா, எந்த ஊர், என்ன வயது, எதுவும் அவருக்கு இன்றுவரை தெரியாது.

கேஸ் முடிந்து சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பைண்டிங்காரரிடமிருந்து ஃபோன் வந்தது.

"வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிட்டார். பீரோ ஒண்ணு, கட்டில் ஒண்ணு இருக்கு. மாடியிலேர்ந்து இறக்கணும். கூப்பிட ஆள் இல்ல."

"வரேங்க."

"வந்து ஏதாவது பேசுறதா இருந்தா வேணாம்."

"பேசல."

போனார். இரண்டாவது மாடி, குறுகலான படி. வீடு அநேகமாகக் காலியாகியிருந்தது. பாத்ரூம் கதவு திறந்திருந்தது. கீசரைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். வென்டிலேட்டர் இருந்த இடத்தைச் சுத்தியலால் இடித்து, ஆள் தலை நுழையும் அளவுக்கு ஓட்டையாக்கியிருந்தது. அதை யார் செய்தது என்று மெக்கானிக் கேட்கவில்லை.

பீரோவை முதலில் இறக்கினார்கள். அடுத்து கட்டில். மெக்கானிக் மேல்பக்கம் பிடித்துக்கொண்டார். பைண்டிங்காரர் கீழ்ப்பக்கம் பிடித்துப் பின்னோக்கி ஒவ்வொரு படியாக இறங்கினார். திருப்பத்தில் கட்டில் கால் சுவரில் சிக்கிக்கொண்டது.

"கொஞ்சம் தூக்குங்க" என்றார் பைண்டிங்காரர்.

தூக்கினார்.

"இந்தப் பக்கம் இல்ல. உங்க பக்கம் சாய்ச்சுத் தூக்குங்க. ஆங், அப்படித்தான்."

கட்டில் திரும்பியது. கீழே வண்டிக்காரர் பாட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தார். இரண்டு பேரும் சுமையோடு மெல்ல இறங்கினார்கள்.